ஆள் குறைந்த ஊரில் வீடு ஏன் கிடைப்பதில்லை?
சஸ்காச்சுவான் கிராமப்புறத்தின் மக்கள்தொகையைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

கனடாவில் சொந்தம் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி எழும். "டொராண்டோ பக்கம்தான் நெரிசல். உள்ளே போனால் கிராமமெல்லாம் காலியாகிவிட்டதாம். வீடு சும்மா கிடக்கிறதாம். ஆள் வந்தால் போதும் என்கிறார்களாம்." அதே வாரத்தில் இன்னொருவர், வேலை கிடைத்து ஒரு சிற்றூருக்குப் போன தன் மகனுக்கு வாடகைக்கு ஒரு வீடுகூட அகப்படவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

"ஊர் காலியாகிறது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று செய்திகள் ஒளிந்திருக்கின்றன. ஆட்கள் குறைவது ஒன்று. குடித்தனங்கள் குறைவது இன்னொன்று. வீடுகள் பூட்டிக் கிடப்பது மூன்றாவது. இந்த மூன்றும் சேர்ந்தே நடக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தை எடுத்துப் பார்த்தால் மூன்றும் தனித்தனி வழியில் போவது தெளிவாகத் தெரியும்.

அங்கே கிராமம் என்றால் எப்படி இருக்கும்?

கிராமம் என்றதும் நம் மனதில் வருவது கோயில், தெரு, ஒட்டி ஒட்டி வீடுகள், ஊரைச் சுற்றி வயல். சஸ்காச்சுவானில் அந்தப் படத்தைக் கலைத்துவிட வேண்டும். அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு விவசாயியும் தன் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். அடுத்த வீடு அரை மைல் தள்ளி இருக்கும், ஒரு மைல் தள்ளியும் இருக்கும்.

இதற்குக் காரணம் 1872-ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டம். 10 டாலர் பதிவுக் கட்டணம் கட்டி, அங்கேயே குடியிருந்து நிலத்தைத் திருத்தினால் 160 ஏக்கர் சொந்தமாகும் என்றது அந்தச் சட்டம். சமவெளி முழுவதையும் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்டு அளந்தார்கள். ஒரு சதுர மைல் ஒரு கட்டம். அதில் கால் பங்குதான் அந்த 160 ஏக்கர். 'குவார்ட்டர்' என்று இன்றும் அங்குள்ளவர்கள் நிலத்தை எண்ணுவது அதனால்தான். அந்த மண் அதற்கு முன் ஆளில்லாமல் கிடக்கவில்லை. அது க்ரீ, சோல்ட்டோ, அசினிபோயின் முதலிய முதற்குடி மக்களின் நிலம். 1874-இன் 4-ஆம் உடன்படிக்கை, 1876-இன் 6-ஆம் உடன்படிக்கை போன்றவற்றுக்குப் பிறகு அவர்கள் ஒதுக்கப்பட்ட சிறு பகுதிகளுக்குள் தள்ளப்பட்டார்கள். இதை இங்கே சொல்லாமல் விட்டால், பின்னால் வரும் வயதுக் கணக்கு ஒன்று புரியாது.

இப்படிப்பட்ட பண்ணைகளை நிர்வகிக்கும் உள்ளாட்சி அலகுக்கு 'ரூரல் முனிசிபாலிட்டி' என்று பெயர். நம் ஊராட்சி ஒன்றியத்தை நினைத்துக்கொள்ளலாம். வழக்கமான அளவு 18 மைலுக்கு 18 மைல், அதாவது 324 சதுர மைல். அதற்குள்ளே ரயில் பாதையை ஒட்டிச் சிற்றூர்கள் இருக்கும். அவற்றுக்குத் தனி நிர்வாகம், தனிக் கணக்கு.

குடித்தனம் என்பது வேறு கணக்கு

ஒரு கூட்டுக்குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருமாகப் பத்துப் பேர், ஒரே ரேஷன் கார்டு. இளைய மகன் தனிக்குடித்தனம் போகிறான். இப்போது கார்டு இரண்டு. பெரியவர்கள் பழைய வீட்டிலேயே இருக்க, மூத்தவனும் வேறு வீடு பார்த்துக்கொண்டால் கார்டு மூன்று. ஓர் ஆள்கூடக் கூடவில்லை, குறையவுமில்லை. ஆனால் தேவைப்படும் வீடு ஒன்றிலிருந்து மூன்றாகிவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கில் 'குடித்தனம்' என்று நான் சொல்வது இதைத்தான்: ஒரு வீட்டில் சேர்ந்து வசிப்பவர்கள் ஒரு குடித்தனம். தனி ஆளாக இருந்தாலும் அவர் ஒரு குடித்தனம். இந்தியக் கணக்கெடுப்பு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கிறது. கனடாவில் அடுப்பு முக்கியமில்லை, ஒரே வீட்டில் குடியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மொத்த ஆட்களைக் குடித்தனங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது 'சராசரிக் குடித்தன அளவு'. கனடா முழுமைக்கும் இது 1941-இல் 4.3. 1971-இல் 3.5. 1981-இல் 2.9. 2021-இல் 2.4. பிள்ளைகள் குறைந்தார்கள், கூட்டாக வாழும் பழக்கம் குறைந்தது, விவாகரத்து கூடியது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆயுள் கூடியது. தனியே வசிப்பவர்களின் குடித்தனங்கள் 1951-இல் நூற்றில் ஏழு. 2021-இல் நூற்றில் 29. 2016 கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக ஒற்றை ஆள் குடித்தனம் மற்ற எல்லா வகைகளையும் முந்தி முதலிடத்துக்கு வந்தது.

இந்த ஒரே மாற்றம் ஒரு வட்டாரத்தை என்ன செய்யும்? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 1,200 பேர், 300 வீடு, வீட்டுக்கு நான்கு பேர். காலம் போகிறது. அதே 300 வீடுகளிலும் விளக்கு எரிகிறது, ஆனால் வீட்டுக்குச் சராசரி 2.3 பேர்தான். இப்போது ஊரில் 690 பேர். ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் குறைந்துவிட்டார்கள், நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகம். "பாதி ஊர் போய்விட்டது" என்று செய்தி வரும். காலியான வீடு எத்தனை? ஒன்றுகூட இல்லை.

உள்ளாட்சிக்கு இது மிகப் பெரிய சிக்கல். சாலையில் பனி அள்ளுவது, குப்பை எடுப்பது எல்லாம் வீட்டுக் கணக்கில் போகும் செலவு. அவை குறைவதில்லை. பள்ளிக்கூடம், ஐஸ் ஹாக்கி அரங்கு, கடை எல்லாம் ஆள் கணக்கில், குறிப்பாகப் பிள்ளைகளின் கணக்கில் நிற்பவை. அவைதான் முதலில் சரிகின்றன.

இதுவரை பார்த்தது: ஆட்கள் குறைவதும் வீடுகள் காலியாவதும் ஒன்றல்ல. குடித்தனம் சிறுத்தால் ஆள் குறைந்தும் வீட்டுத் தேவை அப்படியே நிற்கும், கூடவும் செய்யும்.

ஆனால் வயல் நடுவே இருந்த வீடுகள் உண்மையிலேயே காலியாயின

மேலே சொன்னது சிற்றூருக்குப் பொருந்தும். பண்ணை வீடுகளின் கதை வேறு, அதில் ஆறுதலான கணக்கு எதுவும் இல்லை.

சஸ்காச்சுவானில் பண்ணைகளின் எண்ணிக்கை உச்சம் தொட்டது 1936-இல்: 1,42,391. 2021 வேளாண் கணக்கெடுப்பில் 34,128. நான்கு பண்ணை இருந்த இடத்தில் இன்று ஒன்று. சராசரிப் பண்ணையின் பரப்பு 1,766 ஏக்கர். அன்று ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது 160 ஏக்கர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பதினோரு குவார்ட்டர் இன்று ஒரே பண்ணைக்குள் இருக்கிறது.

1930-களின் வறட்சியில் மண் புழுதியாகப் பறந்தபோது பலர் கிளம்பினார்கள். வறட்சி முடிந்து மழை திரும்பிய பிறகும் வெளியேற்றம் நிற்கவில்லை. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்ததும், குதிரையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பாடுபட்ட நிலம் ஒருவருக்கு அரைநாள் வேலையாகச் சுருங்கியது. இயந்திரத்தின் விலையை எடுக்க வேண்டுமானால் இன்னும் நிலம் வேண்டும். பக்கத்து நிலம் விலைக்கு வந்தால் வாங்கிக்கொள்வார்கள், அங்கிருந்த வீடு தேவைப்படாது. கோதுமைக்கு நடுவில் கூரை சரிந்து நிற்கும் மரவீட்டின் புகைப்படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "சும்மா கிடக்கும் வீடு" என்று பேச்சில் வருவது பெரும்பாலும் இதுதான். தண்ணீர் இல்லை, சூடேற்றும் வசதி இல்லை. கணக்கெடுப்பு அதை வீடாகவே எண்ணாது.

இதில் கவனிக்க வேண்டியது, விவசாயம் நொடித்து இந்த ஆட்கள் போகவில்லை. விவசாயம் வென்றதால் போனார்கள். கனடாதான் உலகிலேயே அதிகமாக மசூர் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடு. அதில் பெரும்பங்கு சஸ்காச்சுவானில் விளைகிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சமைக்கும் மைசூர்ப் பருப்பில் அந்த மண்ணின் பருப்பும் உண்டு. ஆட்கள் போனார்கள், விளைச்சல் போகவில்லை.

குதிரை போன தூரத்தில் ஒரு ஊர்

சிற்றூர்கள் ஏன் அங்கங்கே முளைத்தன என்று தெரிந்தால், ஏன் தேய்ந்தன என்பது தானாகவே விளங்கும். குதிரை வண்டியில் தானியம் ஏற்றிப்போய் ஒரே நாளில் திரும்ப வேண்டும். அதனால் ரயில் பாதையில் ஏழெட்டு மைலுக்கு ஒரு நிலையம். ஒவ்வொரு நிலையத்திலும் தானியத்தைத் தூக்கிச் சேமித்து ரயிலில் கொட்டும் மரக்கோபுரம் ஒன்று. அதை அங்கே 'எலிவேட்டர்' என்பார்கள். கோபுரத்தைச் சுற்றிக் கடை, பள்ளி, தேவாலயம். ஊர்களை இவ்வளவு வேகமாக உண்டாக்கியதால் ரயில் நிறுவனத்துக்குப் பெயர் வைக்கவே சிரமம். கிராண்ட் ட்ரங்க் பசிபிக் பாதையில் ஆங்கில அகரவரிசைப்படி வைத்துவிட்டார்கள்: ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், ஐட்டூனா, ஜாஸ்மின், கெல்லிஹர். அந்தப் பெயர்கள் இன்றும் வரைபடத்தில் அதே வரிசையில் நிற்கின்றன.

1933-இல் மேற்குக் கனடாவில் இப்படி 5,758 எலிவேட்டர்கள் இருந்தன. இன்று சில நூறு மட்டுமே. ஆனால் ஒவ்வொன்றும் பழையவற்றைவிடப் பல மடங்கு பெரியது. லாரி வந்த பிறகு ஏழு மைலும் எழுபது மைலும் ஒன்றாகிவிட்டன. தானியத்துக்கான ரயில் கட்டண மானியம் 1995-இல் நின்றதும் கிளைப்பாதைகள் வேகமாகக் கைவிடப்பட்டன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1993-இல், மாகாண அரசு செலவைக் குறைக்க 52 கிராமப்புற மருத்துவமனைகளை மூடியது அல்லது வேறு சுகாதார மையங்களாக மாற்றியது. 2017-இல் மாகாண அரசின் பேருந்து நிறுவனமும் மூடப்பட்டது. வண்டி ஓட்ட முடியாத முதியவருக்கு இந்தக் கடைசி முடிவு எவ்வளவு பெரிய அடி என்பதை எந்த மக்கள்தொகை அட்டவணையும் காட்டாது.

மொத்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். 1931-இல் சஸ்காச்சுவானில் 9,21,785 பேர். ஒன்டாரியோ, கியூபெக்குக்கு அடுத்து நாட்டிலேயே மூன்றாவது பெரிய மாகாணம். 2021-இல் 11,32,505 பேர், ஆறாவது இடம். கூடியது இரண்டு லட்சம். ஆனால் சஸ்கட்டூன், ரெஜைனா என்ற இரண்டு நகரங்கள் மட்டும் இதே காலத்தில் ஏறக்குறைய 96,500-லிருந்து 4,92,500-க்கு வளர்ந்தன. இரண்டையும் கழித்தால் மீதி மாகாணம் 8 லட்சத்து 25 ஆயிரத்திலிருந்து 6 லட்சத்து 40 ஆயிரமாக இறங்கியிருக்கிறது. மாகாணம் வளர்ந்துகொண்டே கிராமப்புறம் சுருங்கியது இப்படித்தான்.

ஏரியில் நீர் எப்படி ஏறி இறங்குகிறது

ஓர் ஊரின் மக்கள்தொகையை ஏரியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியின் மேலேயே பெய்யும் மழை பிறப்பு. வெயிலில் ஆவியாவது இறப்பு. வரத்துக்கால் வழியே வருவது குடிவரவு. மதகு வழியே போவது வெளியேற்றம். ஏரியின் மட்டம் இந்த நான்கின் கூட்டல் கழித்தல். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் கிடைப்பதை 'இயற்கைப் பெருக்கம்' என்கிறோம். வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் 'நிகர இடப்பெயர்வு'.

ஏரி உவமை ஓரிடத்தில் தவறிவிடும். மதகில் போகும் நீர் எந்த நீராக இருந்தாலும் ஒன்றுதான். ஊரை விட்டுப் போகிறவர் யார் என்பது மிக முக்கியம். பதினெட்டு வயதில் படிப்புக்காகச் சஸ்கட்டூனுக்கோ ஆல்பர்ட்டா மாகாணத்துக்கோ போகும் பெண் ஓர் ஆளாகத்தான் கணக்கில் குறைவாள். ஆனால் அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அவளோடு போய்விடுகிறார்கள். எனவே முதல் தலைமுறை வெளியேறியதன் விளைவு இருபது, முப்பது ஆண்டு கழித்து மறுபடி ஒருமுறை வந்து தாக்கும். அப்போது புதிதாக யாரும் வெளியேறாவிட்டாலும் பள்ளியில் முதல் வகுப்புக்குப் பிள்ளை இருக்காது. 'எல்லாரும் ஓடிவிட்டார்கள்' என்று அந்த நேரத்தில் சொல்வது தவறு; வெளியேற்றம் நடந்தது முந்தைய தலைமுறையின் காலத்தில்.

பிறப்பு வீதத்தைக் கூட்டி இதைச் சரிசெய்துவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை நம்பவில்லை. கனடாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1959-இல் நான்கை நெருங்கியது, 2023-இல் 1.26. அந்தப் பழைய உச்சத்தின்போதும் கிராமப்புறம் ஆட்களை இழந்துகொண்டுதான் இருந்தது.

இந்தப் படத்துக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. முதற்குடி மக்களின் ஒதுக்கீட்டுப் பகுதிகள் பக்கத்துச் சிற்றூர்களைவிட இளமையானவை. 2021-இல் முதற்குடிகள் உள்ளிட்ட கனடாவின் பூர்வகுடி மக்கள் அனைவரின் சராசரி வயது 33.6, மற்றவர்களின் சராசரி 41.8. அங்கே குடித்தனமும் பெரிது, வீட்டுக்கு ஆள் அதிகம், வீடு போதவில்லை. ஒரே சாலையின் ஒரு பக்கம் பிள்ளை இல்லாமல் பள்ளி மூடுகிறது, மறுபக்கம் வகுப்பறை நிரம்பி வழிகிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த எண் யாருடைய நிலையையும் சொல்லாது. 'கிராமப்புறக் கனடா முதுமை அடைகிறது' என்று பொதுவாக எழுதுபவர்கள் இந்த மக்களை மறந்துவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சுருக்கமாக: எத்தனை பேர் போனார்கள் என்பதோடு எந்த வயதில் போனார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வயது ஒன்றே அடுத்த முப்பது ஆண்டை நிர்ணயிக்கிறது.

எண்கள் வழி தவறவைக்கும் இடங்கள்

நாற்பது பேர் உள்ள ஊரிலிருந்து இரண்டு குடும்பம், பத்துப் பேர், போனால் "25 விழுக்காடு வீழ்ச்சி". அடுத்த கணக்கெடுப்பில் ஐந்து பேர் வந்தால் "வேகமாக வளரும் ஊர்". சின்ன ஊருக்கு விழுக்காடு போடாமல் ஆட்களையே எண்ணுவது நல்லது.

எல்லைகளும் மாறும். ஆள் போதாமல் ஒரு சிற்றூர் தன் நிர்வாகத்தைக் கலைத்துவிட்டால் அது சுற்றியுள்ள ரூரல் முனிசிபாலிட்டியோடு சேர்ந்துவிடும். அதன்பின் அந்த முனிசிபாலிட்டியின் எண் கூடியதாகத் தெரியும். இதற்காகவே கனடா புள்ளியியல் துறை பழைய கணக்கையும் புதிய எல்லைக்கு ஏற்பத் திருத்தி அருகில் தருகிறது. ஒப்பிடுபவர்கள் அந்தத் திருத்திய எண்ணை எடுக்க வேண்டும்.

ஏரிக்கரைகளில் 'ரிசார்ட் கிராமம்' என்ற வகை ஊர்கள் இருக்கின்றன. கணக்கெடுப்பு நடப்பது மே மாதத்தில். கோடை வீடுகளின் சொந்தக்காரர்கள் நகரத்தில் இருப்பார்கள். நூற்றுக்கணக்கில் வீடும் சில பத்துக் குடித்தனமும் காட்டும் அட்டவணையைப் பார்த்து ஊர் கைவிடப்பட்டது என்று முடிவுகட்டக் கூடாது. இதற்கு நேர்மாறானது ஹட்டரைட் குடியிருப்புகள். பொதுவுடைமையாக வாழும் அந்தக் கிறிஸ்தவச் சமூகத்தின் குடியிருப்பைக் கணக்கெடுப்பு தனி வீடுகளாக எண்ணாமல் 'கூட்டு வசிப்பிடம்' என்று ஒரே வகைக்குள் வைக்கிறது. அங்கே ஆள் இருக்கும், குடித்தன எண்ணிக்கையில் அவர்கள் இருக்கமாட்டார்கள். மொத்த ஆளைக் குடித்தனத்தால் வகுக்கும் நம் எளிய கணக்கு அந்த வட்டாரத்தில் பொய்க்கும்.

கடைசியாக, 'கிராமப்புறம்' என்ற சொல். ஓர் இடத்தில் ஆயிரம் பேராவது இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கமும் இருந்தால் அது நகர்ப்புறக் கணக்கில் போகும். மீதி எல்லாம் கிராமப்புறம். அதாவது நன்றாக வளரும் கிராமம் கிராமக் கணக்கிலிருந்தே வெளியேறிவிடும். சஸ்கட்டூனுக்கு வடக்கே உள்ள வார்மன் ஒருகாலத்தில் சின்னக் கிராமம். 2012-இல் அது நகரமாகவே அறிவிக்கப்பட்டது. இப்படி வளர்ந்தவை கழன்றுகொள்ள, தேய்ந்தவை மட்டும் பட்டியலில் மிஞ்சும். 2021-இல் கனடாவில் 17.8 விழுக்காட்டினர் கிராமப்புறத்தார். பங்கு குறைந்துகொண்டே வந்தாலும் ஆள் எண்ணிக்கை 2016-ஐவிடச் சற்றே கூடித்தான் இருக்கிறது.

வருகிறவர்கள்

சஸ்காச்சுவான் பல ஆண்டுகளாக மற்ற மாகாணங்களுக்கு, முக்கியமாக ஆல்பர்ட்டாவுக்கு, ஆட்களை இழக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்தான் அதை ஈடுகட்டுகிறார்கள். கிராமப்புறத்துக்கும் வடக்குக்கும் குடிவரவாளர்களை ஈர்க்க 2019-இல் கூட்டாட்சி அரசு ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த 11 இடங்களில் சஸ்காச்சுவானிலிருந்து இருந்தது மூஸ் ஜா. அங்கே 33,000-க்கு மேல் மக்கள். ஒன்டாரியோவின் சட்பரியும் பட்டியலில் இருந்தது. அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய நகரம். குடிவரவுத் திட்டத்தின் 'கிராமப்புறம்' என்ற சொல்லும் கணக்கெடுப்பின் 'கிராமப்புறம்' என்ற சொல்லும் ஒன்றல்ல. அந்தத் திட்டத்துக்கு உள்ளூர் முதலாளி தரும் வேலை உத்தரவும் தேவைப்பட்டது. ஆள் வந்தால் போதும் என்று யாரும் வாசலைத் திறந்துவைக்கவில்லை.

வந்தவர்கள் தங்குவார்களா என்பது அடுத்த கேள்வி. கனடாவின் உரிமைச் சாசனத்தின் 6-ஆம் பிரிவின்படி நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் எந்த மாகாணத்துக்கும் போகலாம். கட்டிப்போட முடியாது. தங்க வைப்பது வேலை, பள்ளி, மருத்துவர், பிறகு வீடு.

அந்த வீட்டில்தான் எல்லாம் வந்து முட்டுகிறது. முதியோர் இல்லத்தில் பணியாளராக வேலை கிடைத்து, இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் ஒரு சிற்றூருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வயலில் சரிந்து நிற்கும் வீட்டில் குடியேற முடியாது. ஊருக்குள் இருக்கும் வீடு எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறது, வீட்டுக்கு ஒருவர் அல்லது இருவர். ஐந்து பிள்ளைகளை வளர்த்த மூன்று படுக்கையறை வீட்டில் கணவரை இழந்த ஒரு மூதாட்டி தனியாக இருப்பார். படியேறக் கால் வலிக்கிறது, சிறிய வீடு ஒன்று கிடைத்தால் இன்றே மாறிக்கொள்வார். ஆனால் ஊரில் சிறிய வீடு இல்லை. புதிதாகக் கட்ட ஆகும் செலவு, கட்டி முடித்த பிறகு விற்கும் விலையைவிட அதிகம் என்பதால் கட்டுபவர் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஊராட்சியோ கூட்டுறவோ படிக்கட்டு இல்லாத நாலைந்து சின்ன வீடுகளைக் கட்டி, அதில் ஒன்றை அந்த மூதாட்டிக்குக் கொடுத்தால், வந்த குடும்பத்துக்கு அவருடைய பெரிய வீடு திறக்கும். பள்ளிக்கு இரண்டு பிள்ளைகள் கூடுவார்கள்.